சின்ன செயின்சாவுக்குப் பலம் பல்லில்தான்

2016 டிசம்பர் 12, வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். அப்போது தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் செயின்சா வைத்திருந்த வீடு அபூர்வம். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் குறுக்கே மரம் கிடந்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டுமே ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகத்தில் பல தலைமுறை மாணவர்களுக்கு நிழல் கொடுத்த மரங்கள் வேரோடு பெயர்ந்து கிடந்தன. மரத்தை எடுத்தால்தான் கம்பத்தை நிமிர்த்த முடியும், கம்பத்தை நிமிர்த்தினால்தான் கரண்ட் வரும். மரத்தை எடுக்க மக்கள் கையில் இருந்தவை கோடாலியும் அரிவாளும் கைரம்பமும்தான்.

இன்று அப்படி இல்லை. அடுக்குமாடிச் சங்கம், தென்னை ஏறுகிறவர், தோட்ட வேலை காண்டிராக்டர், வீட்டைச் சுற்றி நாலு மரம் வைத்திருக்கும் ஓய்வுபெற்றவர் என்று பலரிடமும் ஒரு சின்ன செயின்சா இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் விழுந்த மரத்தைத் தெருக்காரர்களே அறுத்து ஓரம் போட்டார்கள். இது எனக்கு உண்மையிலேயே பெருமையான விஷயம். ஆம்புலன்ஸ் போக வழி கிடைப்பதற்கு யாரையும் எதிர்பார்த்து உட்கார வேண்டியதில்லை.

ஆனால் மெஷின் வந்த அளவுக்கு வெட்டு வரவில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் என்னிடம் வரும் புகார் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "ஸ்டார்ட் ஆகுது, சத்தம் போடுது, மரத்துல வெச்சா முக்குது." "கையை ஊன்றி அழுத்தினாத்தான் இறங்குது." "தூள்தான் கொட்டுது." இதற்குப் பட்டறைகளிலும் வீடியோக்களிலும் கிடைக்கும் வைத்தியம் பெரும்பாலும் இன்ஜினில் கை வைப்பது. சைலன்சரில் ஓட்டை போடு, கார்ப்பரேட்டரைத் திருகு, பெரிய ஸ்பிராக்கெட் மாட்டு என்பார்கள். இந்த வேலைகளில் சிலவற்றுக்குப் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எந்த வேலையை முதலில் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல வருடங்களாகச் சின்ன மெஷின்களைப் பிரித்து மாட்டிப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நம் பக்கம் புழங்குபவை பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று, ஸ்டில் எம்எஸ் 180 மாதிரியான நல்ல கம்பெனி மெஷின். 31.8 சிசி, சுமார் 2 குதிரைத்திறன், 4 கிலோ எடை. இன்னொன்று, சீனாவில் செய்து பத்துப் பதினைந்து பெயர்களில் விற்கும் மெஷின். ஸ்டிக்கரில் 58 சிசி என்று போட்டிருக்கும், 20 அல்லது 22 அங்குல பார் மாட்டியிருக்கும். இப்போது மூன்றாவதாகப் பேட்டரியில் ஓடும் குட்டி ரம்பங்களும் வந்துவிட்டன. மூன்றுக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. இன்ஜினோ மோட்டாரோ செயினைச் சுற்றிவிடத்தான் முடியும். மரத்தை அறுப்பது பல்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எம்எஸ் 180 வகை மெஷினில் 6 பல் ஸ்பிராக்கெட், முக்கால் அங்குலத்துக்கு ஒரு டிரைவ் லிங்க், அதாவது ஸ்பிராக்கெட் பல்லில் மாட்டி ஓடும் கண்ணி. ஒரு சுற்றுக்குச் செயின் 114 மில்லிமீட்டர் நகரும். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் நொடிக்கு 19 மீட்டர். அதாவது பார் மேல் ஒவ்வொரு புள்ளியையும் நொடிக்கு 19 மீட்டர் நீளச் செயின் கடந்து போகிறது. இவ்வளவு வேகம் கையில் இருக்கும்போது மரம் அறுபடவில்லை என்றால் குறை வேகத்தில் இருக்க முடியாது. அந்த 19 மீட்டரில் இருக்கும் பற்கள் மரத்தைச் சீவாமல் தேய்த்துக்கொண்டு போகின்றன, அவ்வளவுதான்.

மேற்குத் தாம்பரத்தில் எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். ஆர்எக்ஸ் 100 பைக் காலத்திலிருந்து டூ ஸ்ட்ரோக்கிலேயே ஊறியவர். ஒருமுறை நண்பர் ஒருவரின் மெஷினை அவரிடம் கொண்டுபோனபோது ஆக்சிலேட்டரை ரெண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூச்சு முட்டுது தம்பி. சைலன்சரைத் திறந்துவிட்டா பிச்சுக்கும்."

"அண்ணே, அதுக்கு முன்னாடி பல்லைக் கொஞ்சம் வெயில்ல காட்டிப் பாருங்க."

அவர் செயினைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். பல்லின் முனை ஓரமாக வெள்ளையாக ஒரு கோடு மின்னியது. "அட, மழுங்கிக் கிடக்கே." கூரான முனையில் வெளிச்சம் பட்டுத் திரும்ப இடமே இருக்காது. வெள்ளைக் கோடு தெரிந்தால் அந்த இடம் உருண்டுவிட்டது என்று அர்த்தம். நாற்பது வருட அனுபவக்காரருக்கு ஒரே பார்வை போதும், ஒத்துக்கொண்டார். அரம் எடுத்துவர உள்ளே போனார்.

செயின் பல்லின் அமைப்பைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாகப் புரியும். 1940கள் வரை செயின்சாவில் இருந்தவை கைரம்பத்தைப் போன்ற கூர்ப்பற்கள்தான். மரத்தைக் கீறிக் கீறி எடுக்கும், சீக்கிரம் மழுங்கும், ஓயாமல் அரம் போட வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோ காக்ஸ் என்பவர் 1946ல் ஒரு வண்டின் புழு கட்டையைத் தின்பதைக் கவனித்தார். அது இடமும் வலமுமாகத் தாடையை அசைத்து, நாரோடு போனாலும் குறுக்கே போனாலும் ஒரே மாதிரி சீவிக்கொண்டு போனது. அதைப் பார்த்து இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மாறி மாறி வரும் வளைந்த பல்லை வடிவமைத்தார். அடுத்த வருடம் போர்ட்லாந்தில் கம்பெனி தொடங்கினார். இன்று உலகத்தில் ஓடும் செயின்சா எல்லாமே ஏறக்குறைய அந்தப் பல்லில்தான் ஓடுகிறது. உங்கள் கையில் இருப்பதும் அதுதான்.

அந்தப் பல்லுக்கு முன்னால் சின்னதாக ஒரு மேடு நிற்கும். ரேக்கர் என்பார்கள். தச்சர் இழைப்புளியில் உளி எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறதோ அவ்வளவு கனத்தில்தானே சுருள் வரும்? அதே வேலைதான் இங்கேயும். பல்லின் முனை ரேக்கரைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அவ்வளவு ஆழம்தான் பல் இறங்கும். சின்ன மெஷின்களுக்கு இந்த இடைவெளி 0.65 மில்லிமீட்டர். புது செயினில் இது சரியாக இருக்கும். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், பல்லின் மேல்தளம் பின்பக்கமாகச் சரிந்திருக்கும். நீங்கள் அரம் போட்டுப் போட்டுப் பல் பின்னால் போகப் போக அதன் உயரமும் குறையும். ரேக்கர் அப்படியே நிற்கும். நாலைந்து முறை கூர் தீட்டிய பிறகு பல் கத்தி மாதிரி இருந்தும் மரத்தில் இறங்காது, ஏனென்றால் ரேக்கர் தடுக்கிறது. "இப்பத்தான் அரம் போட்டேன், அப்பவும் வெட்ட மாட்டேங்குது" என்று சொல்கிறவர்களின் செயினில் பெரும்பாலும் இதுதான் கதை.

இதற்கு வேண்டியது ஒரு தட்டை அரமும், ரேக்கர் அளவு பார்க்கும் சின்னத் தகடும். தகட்டைச் செயின் மேல் வைத்தால் உயர்ந்து நிற்கும் ரேக்கர் துளை வழியே வெளியே எட்டிப் பார்க்கும். வெளியே தெரிவதை மட்டும் ராவி விட வேண்டும். ராவியபின் முன்பக்க ஓரத்தைக் கொஞ்சம் உருட்டி விடுங்கள். இதில் பேராசை கூடவே கூடாது. "இன்னும் கொஞ்சம் இறக்கினா இன்னும் வேகமா வெட்டும்" என்று ரேக்கரை அதிகம் ராவினால் பல் அளவுக்கு மீறிக் கடிக்கும். 30 சிசி இன்ஜினுக்கு அதை இழுக்கத் தெம்பு கிடையாது, அப்படியே நின்றுவிடும். நிற்காத நேரத்தில் பார் முனை மேல்நோக்கித் துள்ளும். முகத்தை நோக்கித் துள்ளும் அந்த உதைதான் செயின்சா விபத்துகளில் மிகக் கொடியது.

பல்லைத் தீட்டும் உருண்டை அரத்தில் அளவு முக்கியம். எம்எஸ் 180 போன்றவற்றின் செயினுக்கு 4 மில்லிமீட்டர், 58 சிசி ஸ்டிக்கர் மெஷினின் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல் ஓரத்துக்கு வெளியே தெரிய வேண்டும். 30 டிகிரி கோணம். உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே திசையில் தள்ள வேண்டும், முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. ஒரு பக்கப் பல் எல்லாம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். வலது பக்கப் பல் நீளமாகவும் இடது பக்கம் குட்டையாகவும் ஆகிவிட்டால் வெட்டு நேராக இறங்காமல் வளைந்து போகும், பார் கட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். மிகவும் தேய்ந்த ஒரு பல்லைக் கண்டுபிடித்து, மற்ற எல்லாவற்றையும் அதன் நீளத்துக்குக் கொண்டு வருவதுதான் முறை. ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டால் போதும், முழுக்க மழுங்கும் நிலையே வராது. சரியாகத் தீட்டிய செயினிலிருந்து தூள் வராது, செதில் செதிலாகச் சீவல் தெறிக்கும். நீங்கள் அழுத்தவே வேண்டாம், மெஷினின் எடையிலேயே இறங்கும். இதைச் செய்து முடித்த பிறகு முக்கால்வாசிப் பேர் சைலன்சரை மறந்துவிடுவார்கள் என்று தைரியமாகச் சொல்வேன்.

அடுத்த மாற்றம் பார். கடைக்காரர் நீளமான பார் போட்டால் மெஷின் பெரிதாகத் தெரியும், விலையும் கூட்டிச் சொல்லலாம். 22 அங்குல பாரில் 86 டிரைவ் லிங்க், 43 வெட்டும் பற்கள். அதே மெஷினில் 18 அங்குல பார் போட்டால் 72 லிங்க், 36 பற்கள். ஏழு பல் குறைகிறது, செயின் எடை குறைகிறது, பாரில் உரசும் நீளம் குறைகிறது. அவ்வளவு சுமையும் இன்ஜின் மேலிருந்து இறங்குகிறது. நம் தெருக்களில் விழும் வேப்பமரக் கிளையோ, புங்கமோ, இயல்வாகையோ, நாட்டு வாதுமையோ அறுக்க 18 அங்குலம் தாராளம். எம்எஸ் 180 வகைக்கு 16 அங்குலம் வரை போடலாம் என்றாலும் 12 அல்லது 14 அங்குலத்தில்தான் அந்த மெஷின் சந்தோஷமாக ஓடும். பணம் செலவழித்து ஒரே ஒரு மாற்றம் செய்யப் போகிறீர்கள் என்றால் குட்டையான பாரும் அதற்கேற்ற செயினும் வாங்குங்கள்.

பேட்டரி மெஷின்காரர்களுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு. செயினின் டிரைவ் லிங்க் கனம் 1.3 மில்லிமீட்டரிலும் வரும், 1.1 மில்லிமீட்டரிலும் வரும். 1.1 ரகச் செயினின் பற்கள் ஒல்லி, மரத்தில் போடும் கால்வாயும் குறுகல். சீவி எறிய வேண்டிய மரம் குறைந்தால் மோட்டாருக்கு வேலை குறையும், ஒரு சார்ஜில் கூடுதல் வெட்டு கிடைக்கும். செயினை மட்டும் மாற்ற முடியாது, பாரும் அதே 1.1 ஆக இருக்க வேண்டும்.

பாரின் ஓரங்களில் நாளடைவில் பிசிறு எழும்பும், விரலை வைத்தால் கீறும். அதைத் தட்டை அரத்தால் ராவி விடுங்கள். ஒரு பக்கமே தேயாமல் இருக்க அவ்வப்போது பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். ஸ்பிராக்கெட்டில் அரை மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் புது செயினையும் அது தின்றுவிடும். வேகம் கூட்டப் பெரிய ஸ்பிராக்கெட் போடுவது இந்தச் சின்ன மெஷின்களுக்கு ஆகாது, இழுவை போய்விடும்.

செயின் ஆயில் விஷயத்தில் நம் ஊரில் நடப்பது எனக்கு வருத்தம். பைக் சர்வீஸில் வடித்த கறுப்பு ஆயிலைத்தான் பலர் ஊற்றுகிறார்கள். அதில் இரும்புத் துகள் இருக்கிறது, ஆயில் பம்பைத் தேய்க்கும். அந்தக் கழிவு ஆயில் தோலுக்குக் கெடுதல், புற்றுநோய் அபாயமும் உண்டு. செயின் அதை நொடிக்கு 19 மீட்டர் வேகத்தில் உங்கள் சட்டை மேலும் முகத்திலும் தெளிக்கிறது. செயின் ஆயில் கிடைக்கவில்லை என்றால் புது இன்ஜின் ஆயில் ஊற்றுங்கள், கழிவு மட்டும் வேண்டாம். ஆயில் வருகிறதா என்று பார்க்க, பார் முனையை ஒரு அட்டைக்கு மேலே சிறிது தூரத்தில் பிடித்து ஆக்சிலேட்டர் கொடுங்கள். அட்டையில் பொடிப்பொடியாக ஆயில் கோடு விழ வேண்டும். விழவில்லை என்றால் பாரின் ஆயில் துளையில் தூள் அடைத்திருக்கும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு இன்ஜின் பக்கம் வருவோம்.

நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு சைலன்சர் மேல் ஏன் இவ்வளவு நம்பிக்கை என்பது எனக்குப் புரிகிறது. 1985லிருந்து 1996 வரை வந்த ஆர்எக்ஸ் 100 என்ற 98 சிசி வண்டி 11 குதிரைத்திறன் கொடுத்தது. அந்த வண்டியில் சைலன்சரைத் தொட்டால் வண்டியின் குணமே மாறும். ஆனால் அதில் இருப்பது வயிறு பருத்த நீளக் குழாய். எக்ஸாஸ்ட் அலை அதற்குள் போய் முட்டித் திரும்பி வந்து, வெளியே ஓடப் பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். அந்த அலையின் கணக்கில்தான் வண்டிக்குத் திறன். செயின்சாவில் இருப்பது வெறும் தகரப் பெட்டி. அலைக்கணக்கு எதுவும் இல்லை. வெளியேறும் வாயைப் பெரிதாக்கினால் புகை எளிதாகப் போகும், கொஞ்சம் இழுவை கூடும். ஆர்எக்ஸில் பார்த்த அதிசயம் இங்கே நடக்காது.

கிடைக்கும் அந்தக் கொஞ்சத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. புகை எளிதாகப் போனால் காற்று அதிகம் உள்ளே வரும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயில் வருகிறது, பெட்ரோல் கம்மியானால் மசகும் கம்மி, சூடும் அதிகம். ஆகவே கார்ப்பரேட்டரில் ஹெச் என்று குறித்த திருகை இடப்பக்கமாகச் சற்றுத் திறந்து பெட்ரோலைக் கூட்ட வேண்டும். சரியாக இருக்கிறதா என்பதைக் காதில் கேட்கலாம். முழு ஆக்சிலேட்டரில், மரத்தில் வைக்காமல் ஓட்டினால் சத்தம் லேசாக உடைந்து பர்ர்ர் என்று வர வேண்டும். மரத்தில் இறக்கியதும் அந்த உடைசல் மறைந்து ஒரே சீரான சத்தமாக வேண்டும். வெறுமனே ஓடும்போதே ஊசி மாதிரி வீல் என்று கத்தினால் பெட்ரோல் போதவில்லை. கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் பிஸ்டன் சீஸ் ஆகப் போகிறது என்பதற்கு அதுதான் முன்னறிவிப்பு. சில புது மாடல்களில் ஹெச் திருகே கிடையாது, ஜெட் நிலையாக அடித்திருக்கும். அந்த மெஷினில் சைலன்சரைத் தொடவே தொடாதீர்கள்.

சைலன்சர் வாயில் இருக்கும் பொறி தடுக்கும் வலையைக் கழற்றி எறிவதும் ஒரு வழக்கமாகிவிட்டது. கரி அடைத்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து மறுபடி மாட்டுங்கள். கோடையில் ஏரிக்கரையில் சீமைக் கருவேலம் வெட்டப் போகிறவர்களின் காலடியில் முழுக்கக் காய்ந்த சருகு கிடக்கும். ஒரு பொறி போதும்.

இப்போது பெட்ரோலுக்கு வருகிறேன். இந்த மாற்றங்களை எல்லாம் பத்து வருடம் முன்பு செய்ததற்கும் இன்று செய்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 2025ல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. பெயர்பெற்ற செயின்சா கம்பெனிகளின் கையேடுகள் வழக்கமாக 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனாலுக்கு எரியக் காற்று குறைவாகத்தான் வேண்டும். அதனால் 20 சதவீதக் கலவையில் அதே காற்றுக்கு ஏழெட்டு சதவீதம் கூடுதலாக எரிபொருள் தேவைப்படும். பழைய பெட்ரோலுக்கு ட்யூன் செய்த மெஷின், எதுவும் மாற்றாமலேயே பெட்ரோல் போதாத நிலைக்கு வந்துவிட்டது. அதன் மேல் சைலன்சரையும் திறந்து, ஹெச் திருகைத் தொடாமல் விட்டால் இரண்டு பக்கமும் அடி. கடந்த சில வருடங்களில் நான் பார்த்த சீஸ் ஆன மெஷின்களில் இந்தக் கூட்டணிதான் திரும்பத் திரும்ப வருகிறது. சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் பக்கவாட்டில் வழவழவென்று இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறியிருந்தால் மெஷின் ஏற்கெனவே ஒருமுறை மூச்சுத் திணறியிருக்கிறது.

இன்னொரு ஆபத்து நம் கடலோரக் காற்றில் இருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் கிடக்கும் பெட்ரோலில் ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகத் தங்கிவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு நிற்கும். டேங்கில் எரிபொருளை உறிஞ்சும் குழாய் முனை அடியில்தான் கிடக்கிறது. ஸ்டார்ட் ஆனால், ஆயில் அனேகமாக இல்லாத திரவம்தான் சிலிண்டருக்குள் போகும். போன டிசம்பரில் ஊற்றிய பெட்ரோலோடு இந்த அக்டோபரில் மெஷினை எடுக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட விட்டு, பிறகு வையுங்கள். கலவையைக் கொஞ்சமாகக் கலக்குங்கள். நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கு 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. சீன மெஷின் கையேடு 25க்கு 1 என்று சொன்னால் லிட்டருக்கு 40 மில்லி. கையேட்டை நம்புங்கள், "எல்லாத்துக்கும் ஒரே அளவு" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

சிலிண்டர் அடியில் இருக்கும் கேஸ்கெட்டை எடுத்துவிட்டு கம்ப்ரஷன் கூட்டுவது, போர்ட்டைக் கடைவது, ஃபிளைவீல் சாவியை ராவி டைமிங் முன்னே தள்ளுவது எல்லாம் வெளிநாட்டுப் போட்டிக்காரர்கள் செய்கிற வேலை. அளவுக் கருவியும் உதிரிபாகமும் நேரமும் இருப்பவர்களுக்கு அது ஓர் ஆனந்தம். புயலுக்கு மறுநாள் காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆக வேண்டிய மெஷினுக்கு அது வேண்டாம்.

மரத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை. ஜி.எஸ்.டி. சாலையிலோ வேளச்சேரி சாலையிலோ நிற்கும் எந்த மரத்தையும் கவனியுங்கள். டியூஷன், வாடகை வீடு, தண்ணீர் லாரி என்று ஆளுயரத்தில் தகரப் பலகைகள் அடித்திருப்பார்கள். பலகை போய்விடும், ஆணி உள்ளேயே இருக்கும், மரம் அதை மூடி வளர்ந்துவிடும். ஒரே ஒரு ஆணி போதும், ஒரு மணி நேரம் தீட்டிய செயின் ஒரு நொடியில் காலி. ஆளுயரம் வரையுள்ள பகுதியை அறுக்கும் முன் பட்டையில் கறுப்புக் கறை இருக்கிறதா என்று பாருங்கள், இரும்பு இருக்கும் இடம் கறுத்திருக்கும். பட்டையில் ஒட்டியிருக்கும் மண்ணும் அதே கெடுதல்தான். அறுக்கப் போகும் இடத்தில் அரிவாளால் பட்டையைச் செதுக்கிவிட்டு ரம்பத்தை வையுங்கள். காய்ந்த புளிக்கும் கருவேலத்துக்கும் 30 டிகிரியைவிட 25 டிகிரியில் தீட்டினால் கூர் கூடுதல் நேரம் நிற்கும். தென்னையில் வெளிச்சுற்று நார்தான் இறுக்கம், உள்ளே மெத்து. அந்த நார் ஸ்பிராக்கெட் மூடிக்குள் சுற்றிக்கொண்டு ஆயிலை அடைக்கும், அடிக்கடி மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பல்லின் மூலை சதுரமாக இருக்கும் செயின் பச்சை மரத்தில் வேகமாகப் போகும் என்று ஆன்லைனில் புகழ்வார்கள். மண்ணும் புழுதியும் உள்ள நம் மரங்களுக்கு மூலை சற்று உருண்ட செயின்தான் தாங்கும்.

கடைசியாக, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கும் விஷயங்கள். நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும் ஆங்கிள் கிரைண்டரில் செயின் பார் மாட்டும் இணைப்பு ஒன்று மலிவாக விற்கிறது. அதில் செயின் பிரேக் இல்லை, கையை எடுத்தால் உடனே நிற்காது. வாங்காதீர்கள், வாங்கியிருந்தால் யாருக்கும் கொடுக்காமல் தூக்கிப் போடுங்கள். முன்பக்கக் கைக்காப்போடு இணைந்த செயின் பிரேக்கை "தொந்தரவு" என்று கழற்றும் மெக்கானிக்கிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள். லுங்கியும் ரப்பர் செருப்புமாக மரத்தில் ஏறி ஒற்றைக் கையில் அறுப்பதைத் தாம்பரத்தில் தினமும் பார்க்கிறோம். உங்கள் வீட்டு மரத்துக்கு அப்படி ஒருவர் வந்தால், தாமதமானாலும் பரவாயில்லை, ஷூ போட்டு, கயிறு கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுத்தான் வேலை என்று சொல்லுங்கள். புயலில் விழுந்த மரத்தின் மேல் ஒயர் கிடந்தால் மின்வாரிய ஆள் வந்து லைன் நிறுத்தியது உறுதியாகும்வரை மெஷினைக் கிட்டத்தில் கொண்டு போகாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு கடைக்கு ஓடினால் சரியான செயினும் அரமும் கிடைக்காது. உங்கள் மெஷினின் அளவுக்கு ஓர் உருண்டை அரம், ஒரு தட்டை அரம், ரேக்கர் தகடு, கூடுதலாக ஒரு செயின் ஆகியவற்றை செப்டம்பரிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.